பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: நீல லைட்டா, காலை வெயிலா?

கேள்வி இதுதான். 36 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, இன்றோடு நான்கு நாள் முடிகிறது. அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். ரத்தத்தில் மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் 17 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) வந்திருக்கிறது, நீல லைட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் நிறைமாதக் குழந்தைக்கும் அதே 17தான், ஆனால் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாட்டி, "காலையில் இளவெயிலில் பத்து நிமிஷம் காட்டினால் தானாக இறங்கிவிடும், பச்சைப் பிள்ளையை எதற்கு லைட்டில் போட்டு வாட்டுகிறீர்கள்" என்கிறார். லைட் உண்மையில் என்ன செய்கிறது, வெயில் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். லைட்டில் வையுங்கள், தள்ளிப்போடாமல் இன்றே. பாட்டி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்த சிகிச்சையே வெயிலைப் பார்த்துத்தான் வந்தது, அந்தக் கதையை கீழே சொல்கிறேன். ஆனால் லைட் என்பது இங்கே மருந்து. மருந்துக்கு அளவு உண்டு, நேரம் உண்டு. முற்றத்து வெயிலில் அந்த இரண்டையும் நம்மால் பிடித்து நிறுத்த முடியாது.

பிலிருபின் என்பது பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் கழிவு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சிதைந்தால் ஏறக்குறைய 35 மில்லிகிராம் பிலிருபின் கிடைக்கும். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால் சிவப்பணுக்கள் அதிகமாகவே இருக்கும். நமக்கு ஒரு சிவப்பணு 120 நாள் வாழ்கிறது என்றால், பிறந்த குழந்தைக்கு 70 முதல் 90 நாள்தான். ஆக, கழிவு அதிகம். அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் முழுதாக வேலை பழகவில்லை. பிலிருபினைத் தண்ணீரில் கரையும்படி மாற்றும் என்சைம் முதல் வாரத்தில் மிகக் குறைவு. வயிற்றுக்குள் இருந்தவரை அந்த வேலையைத் தொப்புள்கொடி வழியாக அம்மாவின் கல்லீரல் பார்த்துக்கொண்டது. கொடியை வெட்டியதும் எல்லாம் குழந்தையின் தலையில் விழுகிறது.

அதனால்தான் நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்த சிகிச்சையும் வேண்டாம், தானாகவே இறங்கிவிடும். பெரியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலை வேறு. அது பெரும்பாலும் கல்லீரலில் தொற்று. அதற்குக் கொடுக்கும் கீழாநெல்லியைப் பிறந்த குழந்தைக்கு அரைத்துப் புகட்டுவது ஆபத்து. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பிறகு ஏன் பயப்படுகிறோம்? ரத்தத்தில் பிலிருபின் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும். ஒட்டியிருக்கும்வரை தொந்தரவில்லை. அளவு மீறிப் போகும்போது, ஒட்ட இடமில்லாத பிலிருபின் மூளைக்குள் நுழைந்துவிடும். அங்கே அசைவுகளைச் சீர்படுத்தும் ஆழமான பகுதிகளும், காது கேட்கும் நரம்புப் பாதையும்தான் முதலில் அடிவாங்கும். இப்படிக் கெட்டால் திரும்பாது. கை கால் முறுக்கிக்கொள்ளும் மூளைவாதம், காது கேளாமை என்று வாழ்நாள் முழுக்க நிற்கும். புத்தி தெளிவாக இருந்தும் உடல் சொன்னபடி கேட்காத பிள்ளைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். இத்தனைக்கும் இது ஏறக்குறைய முழுதாகவே தடுக்கக்கூடிய ஒன்று.

இப்போது உங்கள் 17க்கும் பக்கத்துப் படுக்கையின் 17க்கும் வருவோம். பிலிருபின் எண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பேச முடியாது. எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, ரத்தம் வேகமாக உடையக் காரணம் ஏதும் இருக்கிறதா, இந்த மூன்றோடும் சேர்த்துத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டியை எடுத்துக்கொள்வோம். 38 வாரமும் அதற்கு மேலும் நிறைந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 11.7, 48 மணியில் 14.6, 72 மணியில் 17.5, நான்கு நாள் முடியும்போது 20.5 மில்லிகிராம் தொட்டால்தான் லைட். 38 வாரத்துக்குள் பிறந்தவர்களுக்கு எல்லை இறங்கும். 36 வாரக் குழந்தைக்கு மூன்று நாளுக்குப் பிறகு அது 15.2. உங்கள் குழந்தை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, பக்கத்துக் குழந்தை தாண்டவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2022 அட்டவணையில் எண்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறது என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்கும்போது "எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தம், அந்த மணிக்கு எல்லை எவ்வளவு" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் அட்டவணையைத் திறந்து காட்டுவார்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஓ வகை ரத்தமுள்ள சில அம்மாக்களின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ஏ அல்லது பி அணுக்களைத் தாக்கி உடைக்கும். எல்லா ஓ அம்மாக்களுக்கும் இது நடப்பதில்லை, கூம்ஸ் என்ற பரிசோதனை ஓரளவு காட்டிக்கொடுக்கும். அம்மாவுக்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் இதைவிடக் கடுமையாகவும் வரலாம். இன்னொரு காரணம் ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வரும். அது உள்ள குழந்தையின் துணிகளை பாச்சா உருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்து அப்படியே சுற்றினால், அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். பீரோவில் பத்திரமாக எடுத்துவைத்த பழைய பட்டுத்துணியில் குழந்தையைச் சுற்றிக் கொண்டுவரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தாமல் எந்தத் துணியையும் போடாதீர்கள்.

சரி, லைட் கதை. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. 1956 கோடைக்காலம். குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஜீன் வார்டுக்கு ஒரு நம்பிக்கை: பெட்டிக்குள் புழுங்கிக் கிடப்பதைவிட காற்றும் வெளிச்சமும் குழந்தைகளுக்கு நல்லது. அதனால் கொஞ்சம் தேறிய குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி டாக்டர் டாப்ஸிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர்ந்த மஞ்சள். அயோடின் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார் டாக்டர். வெயிலாகத்தான் இருக்கும் என்றார் சிஸ்டர். வெயிலில் தோல் கருக்க நாளாகுமே என்று அவர் குழம்ப, சிஸ்டர் விளக்கினார். அந்த முக்கோணம் புதிதாக வந்ததல்ல. போர்வையின் ஓரம் அங்கே மூடியிருந்தது. வெயில் பட்ட இடங்களில்தான் மஞ்சள் போயிருந்தது.

அதோடு விட்டிருந்தால் மறந்துபோயிருக்கும். சில வாரங்கள் கழித்து, கடும் மஞ்சள் காமாலையுள்ள ஒரு குழந்தையின் ரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாய் வெயில் படும் ஜன்னலோரம் கிடந்துவிட்டது. பரிசோதித்தபோது பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆய்வக வேதியியலாளர் பெர்ரிமனும் இளம் டாக்டர் கிரெமரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைகளைச் சிறிது சிறிது நேரம் வெயிலில் படுக்கவைத்து அளந்தார்கள், இறங்கியது. ஆனால் இங்கிலாந்தின் வெயிலை நம்பி என்ன செய்வது? நீல ஃப்ளோரசன்ட் குழாய் விளக்குகளை வளைவாக அடுக்கி ஒரு தொட்டிலுக்கு மேல் பொருத்தினார்கள். 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அப்போதும் அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. 1968இல் வெர்மான்ட்டில் ஜெரால்ட் லூசியும் சகாக்களும் குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்ட பிறகுதான் அங்கே வார்டுகளில் விளக்கு எரிந்தது.

அதற்கு முன்பு இருந்த வழி ரத்த மாற்றம். தொப்புள் ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து, வேறு ரத்தத்தைச் செலுத்த வேண்டும். கிலோவுக்கு 160 மில்லி, அதாவது குழந்தையின் மொத்த ரத்தத்தைப்போல இரண்டு மடங்கு. இன்றும் கடைசி ஆயுதமாக அது இருக்கிறது, ஆனால் அதன் தேவையைப் பெருமளவு குறைத்தது இந்த விளக்குதான். பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள். லைட்டில் வைப்பது குழந்தையை வாட்டுவதற்காக அல்ல, அதைவிடக் கடுமையான ஒன்றிலிருந்து காப்பதற்காக.

ஏன் நீலம்? மஞ்சளாகத் தெரியும் பொருள் நீல ஒளியை விழுங்குவதால்தான் அப்படித் தெரிகிறது. பிலிருபின் மிக அதிகமாக உறிஞ்சுவது 460 முதல் 490 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை. பிலிருபின் மூலக்கூறு, கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளைப்போல இருக்கும். தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய முனைகள் உள்பக்கம் மடங்கி ஒன்றையொன்று பற்றியிருக்கும். அதனால்தான் அது ரத்தத்தில் கரைவதில்லை, கல்லீரல் உதவியில்லாமல் வெளியேறுவதுமில்லை. தோலுக்கடியில் நீல ஒளி பட்டதும் மூலக்கூறு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, கட்டு அவிழ்கிறது, முனைகள் வெளியே வருகின்றன. இப்போது கல்லீரல் என்சைமுக்குக் காத்திருக்காமலே பித்தநீரில் போய்விடும். லைட் போட்ட சில மணி நேரத்துக்குள் ரத்தத்திலுள்ள பிலிருபினில் ஐந்தில் ஒரு பங்கு வரை இப்படி வடிவம் மாறிவிடும். இதில் ஒரு வகை குடலுக்குப் போய் மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடியது. லூமிருபின் என்ற இன்னொரு வகை மெதுவாகத்தான் உண்டாகும், ஆனால் திரும்பாது, சிறுநீரிலும் போகும்.

இதை வைத்துப் பார்த்தால் வார்டில் நர்ஸ்கள் அங்கலாய்ப்பதெல்லாம் புரியும். சட்டை போடாதீர்கள், பெரிய டயப்பர் கட்டாதீர்கள், தொப்பி வேண்டாம் என்பார்கள். ஒளி படும் தோல் எவ்வளவோ அவ்வளவுதான் மருந்து. விளக்குக்கும் குழந்தைக்கும் உள்ள தூரம் கூடினால் ஒளியின் பலம் வேகமாகக் குறையும். தீவிர ஒளி சிகிச்சை என்று சொல்ல, ஒரு சதுர செ.மீ. தோலில் ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது விழ வேண்டும். பழைய குழாய் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சில ஆயிரம் மணி நேரத்துக்குள் பலம் போய்விடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது எல்.இ.டி. வந்த பிறகு அந்தத் தொல்லை குறைவு, சூடும் குறைவு. ஒரு சின்ன மருத்துவமனையில் இருந்தால், "ஒளியை மீட்டர் வைத்து அளக்கிறீர்களா" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. தொட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினால் ஒளி எதிரொளித்துக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் காற்று நுழைய இடம் வேண்டும், குழந்தை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் நர்ஸைக் கேட்காமல் நீங்களாகக் கட்டாதீர்கள்.

வெயிலுக்கு வருகிறேன். வெயிலில் நீல ஒளி தாராளமாக இருக்கிறது. கூடவே தோலைச் சுடும் புற ஊதாவும், உடம்பைக் கொதிக்கவைக்கும் அகச்சிவப்பும் இருக்கின்றன. வெயில் ஏறும்வரை வைத்தால் குழந்தைக்குச் சூடு ஏறும், தோல் பொசுங்கும். ஆறு, ஏழு மணி இளவெயிலில் பத்து நிமிஷம், அதுவும் துணி சுற்றி, முகமும் காலும் மட்டும் தெரிய வைத்தால் கிடைக்கும் ஒளி சொற்பம். "எங்கள் காலத்தில் இறங்கியதே" என்றால், இறங்கியது உண்மை. அவை பெரும்பாலும் தானாகவே இறங்கக்கூடியவை. இறங்காத குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

வெயிலை முறையாகப் பயன்படுத்த முடியாதா என்றால், முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். நைஜீரியாவில் கரண்ட் நம்பகமில்லை, நல்ல விளக்குகளும் போதாது. அங்கே லாகோஸ் நகரில் ஒரு பிரசவ மருத்துவமனையில், ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம் போன்றவற்றால் பந்தல் அமைத்தார்கள். அது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் பெருமளவு வடிகட்டி நீலத்தை உள்ளே விடும். பந்தலுக்கடியில் அம்மாவும் குழந்தையும், பக்கத்தில் நர்ஸ், அடிக்கடி உடல் வெப்பம் பார்த்து சூடானால் நிழலுக்கு மாற்றுவது. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த முடிவு: வழக்கமான விளக்குக்கு இது குறைந்ததல்ல. ஆனால் கவனியுங்கள், பலன் தந்ததா என்று கணக்குப் பார்த்தது குறைந்தது 5 மணி நேர ஒளி கிடைத்த நாட்களில். வடிகட்டி, அளந்து, மணிக்கணக்காக, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு. நம் வாசல் வெயிலில் இதில் எதுவும் இல்லை. நைஸ் வழிகாட்டி வெயிலை சிகிச்சையாகப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்கிறது.

லைட்டில் இருக்கும்போது உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தாய்ப்பால். மாற்றப்பட்ட பிலிருபின் குடலுக்குத்தான் வருகிறது. மலம் போகாவிட்டால் அது அங்கிருந்தே மறுபடி ரத்தத்துக்குள் ஏறிக்கொள்ளும். சீம்பாலும் தாய்ப்பாலும் வயிற்றை நகர்த்தி அந்தக் கரும்பச்சை மலத்தைத் தள்ளிவிடும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் வேண்டும். 36 வாரக் குழந்தைகள் தூங்கித் தூங்கி விழும், உள்ளங்காலைச் சுண்டி எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பிலிருபின் ரத்த மாற்றத்தின் விளிம்பில் இல்லையென்றால், பால் கொடுக்க அரை மணி நேரம் வரை லைட்டை விட்டு எடுக்கலாம். அந்த நேரத்தில் கண்கட்டை அவிழ்த்துவிடுங்கள், குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தண்ணீர் மஞ்சளைக் குறைக்காது, பால் குடிக்கும் பசியைத்தான் குறைக்கும்.

பக்கவிளைவு உண்டா? மலம் தண்ணியாக, பச்சையாகப் போகும். தோலில் சிவந்த தடிப்பு வரலாம், விளக்கை எடுத்ததும் மறையும். உடம்புச் சூடு ஏறலாம், இறங்கலாம், நீர்ச்சத்து கொஞ்சம் குறையலாம். விழித்திரையைக் காக்கத்தான் கண்கட்டு; அது நழுவி மூக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீலத்தைப் பார்த்து எக்ஸ்ரே மாதிரி ஏதோ கதிர்வீச்சு என்று சிலர் பயப்படுகிறார்கள். அது அப்படியில்லை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளிதான். டென்மார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், லைட்டில் இருந்த ஆண் குழந்தைகளுக்குப் பின்னால் வலிப்பு வருவது மிகச் சிறிய அளவில் கூடுதலாகத் தெரிந்தது. லைட்தான் காரணமா என்பது நிரூபணமாகவில்லை. தேவையான குழந்தைக்கு இதைச் சொல்லி லைட்டை மறுக்கக் கூடாது. ஆனால் தேவையில்லாத குழந்தையை "எதற்கும் இருக்கட்டும்" என்று லைட்டில் போடுவதை நான் ஏற்பதில்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தையை அனுப்பியது அலட்சியம் இல்லை, சரியான முடிவு. அந்த அம்மாவுக்கும் அடுத்த நாளே மறுபடி வந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

லைட்டில் வைத்த பிறகு தோலின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ராச்ஃபோர்ட் குழந்தைக்கு நடந்ததுபோல ஒளி பட்ட தோல் முதலில் வெளுத்துவிடும், ரத்தத்தில் இன்னும் நிறைய இருக்கலாம். எனவே குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது மனசு கஷ்டப்பட்டாலும் விடுங்கள். எல்லைக்குக் கீழே இரண்டு, மூன்று மில்லிகிராம் இறங்கியதும் லைட்டை நிறுத்துவார்கள். உங்கள் குழந்தைக்கு ரத்தவகைப் பிரச்சினை இருப்பதாகக் கூம்ஸ் காட்டினால், நிறுத்திய பிறகு திரும்ப ஏறக்கூடும். 12 முதல் 24 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்க்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள். செலவு ஒரு கவலையென்றால், அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இந்த சிகிச்சை இலவசம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் குழந்தையைக் கூட்டிவரும் வண்டிகூட இலவசம்தான்.

வீட்டுக்குப் போனபின் குழந்தையை ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து, மூக்கின் நுனியையும் நெஞ்சையும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். நம் ஊர்க் குழந்தைகளின் மாநிறத்தில் தோல் ஏமாற்றும், கண்ணின் வெள்ளையும் ஈறும் இன்னும் தெளிவாகக் காட்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, கீச்சென்று வித்தியாசமாக அழுவது, முதுகை வில்லாக வளைப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் அது எந்தக் குழந்தைக்கும் சாதாரணம் இல்லை.

தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு லேசான மஞ்சள் இரண்டு, மூன்று மாதம்கூட நீடிக்கும், பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்கு மேலும், உங்களுடையதுபோலக் குறைமாதக் குழந்தைக்கு 21 நாளுக்கு மேலும் மஞ்சள் இருந்தால், டைரக்ட் பிலிருபின், அதாவது கல்லீரல் ஏற்கெனவே தண்ணீரில் கரையும்படி மாற்றிய பிலிருபின், எவ்வளவு என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும்படியும் போனால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே காட்டுங்கள். அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கு லைட் உதவாது. கசாய் என்ற அறுவை சிகிச்சை தேவைப்படும், அதையும் 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். டயப்பரை மாற்றுகிறவர் பாட்டியாக இருந்தால், மலத்தின் நிறத்தைத் தினமும் உங்களுக்குக் காட்டச் சொல்லிவையுங்கள்.